கரடிக்கு முன்னால சோத்துப் பார்சலை அவுக்கக்கூடாது

போன மாசம் இந்தப் பக்கத்தில, கனடாவில கரடி மீன் புடிக்கிறதப் பாத்திட்டு வந்த கதைய நாலே நாலு வரிதான் எழுதினன். அதுக்கு வந்த கடிதத்தையும் வாட்ஸ்அப்பில வந்த வொய்ஸையும் சேர்த்தா, போன வருசம் முழுக்க வந்த கேள்விய விடக் கூட. ஆனபடியா இந்த மாசம் முழுக்கக் கரடிதான். தென்னைக்கு வெள்ளை ஈ புடிச்சதுக்கு மருந்து கேட்ட களுவாஞ்சிக்குடி அண்ணன் கோவிக்காதீங்க, அடுத்த மாசம் முதல் கேள்வி உங்கடதான்.

கேள்வி: சேர், என்ட தம்பிமார் ரெண்டு பேரும் ரொறன்ரோவில, தங்கச்சி வன்கூவர்ல. வாற வருசம் குடும்பமா பதினொரு பேர் கரடி பாக்கப் போறாங்களாம், என்னையும் வரட்டாம். எனக்கு 61 வயசு, முழங்கால் நோவு, கரடி எண்டா சின்னனில இருந்தே பயம். மூத்த தம்பி அலாஸ்கா எண்டுறான், தங்கச்சி வேணாம் வன்கூவருக்குக் கிட்டயே இருக்கு எண்டுறாள், ரெண்டு பேரும் இப்ப கதைக்கிறதும் இல்ல. எது நல்லம், எப்ப போறது? (ஆரையம்பதியில இருந்து ஒரு அக்கா)

பதில்: அக்கா, தம்பிக்கும் தங்கச்சிக்கும் நடுவில நிண்டு தீர்ப்புச் சொல்ல எனக்கு விருப்பமில்ல, ஆனா உங்கட பாஸ்போட்டே தீர்ப்பச் சொல்லிரும். தம்பிமார் கனடா சிட்டிசன் எண்டா அலாஸ்காவுக்கு விசா இல்லாமப் போவாங்க. நீங்க இலங்கைப் பாஸ்போட்டில கனடா விசிட் விசா எடுத்துப் போற ஆள், அலாஸ்கா அமெரிக்கா, அதுக்கு வேற விசா வேற இன்டர்வியூ, கொழும்புக்கு இன்னொரு தரம் பஸ்ஸேறோணும். இத யோசிக்காம எல்லாருக்கும் டிக்கட்டப் போட்டிட்டு, கடைசியில அம்மாவ மட்டும் வீட்டில விட்டுப்போட்டுப் போன குடும்பம் ஒண்ட எனக்குத் தெரியும், மனிசி இண்டைக்கும் அதச் சொல்லிச் சொல்லி மூக்கச் சிந்தும்.

தம்பி சொல்லுற இடம் அநேகமா கட்மாய் தேசியப் பூங்காவில இருக்கிற ப்ரூக்ஸ் அருவியாத்தான் இருக்கும். கரடி அருவிட விளிம்பில நிண்டு வாயத் திறக்க மீன் தானாப் பாஞ்சு வந்து வாய்க்குள்ள விழுறமாதிரி ஒரு படம் எல்லாற்ற போனுக்கும் வந்திருக்குமே, அந்த இடந்தான். அங்க போக ரோட்டு இல்ல அக்கா. அங்கரேஜ்ல இருந்து கிங் சால்மன் எண்ட சின்ன ஊருக்குப் பிளேன் (ஊர்ட பேரே மீன்ட பேர்தான்), அங்க இருந்து தண்ணியில இறங்குற குட்டிப் பிளேன், அதில ஏற முந்தி ஒவ்வொருத்தரா எடை எவ்வளவு எண்டு கேப்பாங்க, குறைச்சுச் சொல்லப்படாது. இறங்கின உடனே கரடியப் பாக்க விடமாட்டாங்க, முதல்ல வகுப்பு. கரடிக்கு 50 யார் கிட்டப் போகாத, ஓடாத, சாப்பாட்டுச் சாமான் ஒண்டும் கையில வெச்சிருக்காத எண்டு சொல்லிக் குடுத்திட்டுத்தான் விடுவாங்க. அருவிக்குப் போக ரெண்டு கிலோமீட்டர் அளவில நடை, வர ரெண்டு. வழியில கரடி நிண்டா அது போகுமட்டும் நீங்க நிக்கோணும், அது அரை மணித்தியாலமும் ஆகும். அருவிக்குப் பக்கத்தில இருக்கிற மேடையில ஒரே நேரத்தில 40 பேர்தான் நிக்கலாம், சனம் கூடினா முறை போட்டு விடுவாங்க. உங்கட முழங்கால் இதுக்கு என்ன சொல்லும் எண்டு நீங்கதான் கேட்டுப் பாக்கோணும்.

தங்கச்சி சொல்லுறது நான் போன பக்கம். வன்கூவருக்குக் கிட்ட எண்டு அவ சொல்லுறது ஒள்ளுப்பம் கூட. வன்கூவர்ல இருந்து பெரி ஏறி ஒண்டரை மணித்தியாலத்துக்குக் கூட கடல், மறுகா வன்கூவர் தீவில வாகனத்தில கேம்பல் றிவர் மட்டும் ஓட்டம், அடுத்த நாள் வெள்ளன வள்ளத்தில பியூட் இன்லெட் எண்ட மலைக்கு நடுவால போற கடல் வாய்க்கால். ஆனா நடை குறைவு, விசாவும் ஒண்டோட முடிஞ்சிரும். உங்களுக்கு இதுதான் சரி.

தங்கச்சிட பக்கம் சாஞ்சிட்டன் எண்டு தம்பி நினைக்காம இருக்க ஒண்டு சொல்லுறன், நாள் விசயத்தில ரெண்டு பேரும் கவனம். ப்ரூக்ஸ் அருவியில ஜூலைதான் உச்சம், சொக்கை எண்ட சாதிச் சால்மன் மீன் அப்பத்தான் கடல்ல இருந்து ஆத்துக்கு ஏறும். செப்டெம்பர்லயும் கரடி நிக்கும், ஆனா அருவியில இல்ல, கீழ ஆத்துப் பக்கம், செத்து மிதந்து வாற மீனுக்கு. பியூட் இன்லெட் பக்கம் மீன் ஏறுறது ஓகஸ்ட் கடைசியில இருந்து ஒக்டோபர் மட்டும். பள்ளிக்கூட லீவு எண்டு ஜூலைக்கு நாளக் குறிச்சுப் போட்டு, பிறகு சண்டையில இடத்த மட்டும் மாத்தினா, பதினொரு பேரும் வெறும் ஆத்தப் பாத்திட்டுத்தான் வருவீங்க.

இன்னொண்டு, தம்பி எங்கயாவது வாசிச்சிட்டு மக்னீல் ஆறு எண்டு கதையத் தொடங்கினா விட்டிருங்க. அதுவும் அலாஸ்காதான், உலகத்தில கரடி கூடி மீன் புடிக்கிற இடத்தில அதுக்கு மிஞ்சினது இல்ல எண்டுவாங்க. ஆனா பெர்மிட் குலுக்கல்ல விழோணும், ஒரு நாளைக்கு விடுறது 10 பேரத்தான். நீங்க பதினொரு பேர். ஆர விட்டுப்போட்டுப் போறது எண்டு புதுச் சண்டை தொடங்கும்.

பயத்துக்கு மருந்து கீழ மற்றக் கேள்வியில சொல்லியிருக்கன், வாசிங்க. கொண்டு போக வேண்டியது: மழைக்கோட்டு (குடை சரிவராது), உள்ளுக்கு ரெண்டு ஸ்வெட்டர், வள்ளத்துக்குச் சத்தி குளிசை, முழங்காலுக்குப் பூசுற எண்ணெய். எண்ணெயக் கரடிக்குக் கிட்டப் போற அண்டைக்குப் பூசாதீங்க, வாசம் கூடின சாமான் ஒண்டும் கூடாது.

கேள்வி: நீங்க கரடிக்குக் கிட்ட நிண்டதா எழுதினது மெய்யா சேர், இல்லாட்டி வாத்திமார் விடுற கதையா? (தம்பிலுவில்ல இருந்து ஒரு பழைய மாணவன்)

பதில்: பேரப் போடாட்டியும் எழுத்தப் பாத்து ஆள் ஆரெண்டு கண்டுபுடிச்சிட்டன் மகன், தவணைப் பரீட்சையிலயும் நீ இப்பிடித்தான் கேள்விக்குக் கேள்வி எழுதுவாய்.

நாங்க போனது செப்டெம்பர் கடைசி. மகள்ட குடும்பம், மச்சான் மச்சாள், 74 வயசில பெரியம்மா, பொடியள், எல்லாமா ஒன்பது பேர். நம்மட ஆக்கள் ஒன்பது பேர் பயணம் போனா எப்பிடியெண்டு தெரியுந்தானே. மச்சாள் ராவு ரெண்டு மணிக்கு எழும்பி இடியப்பம் அவிச்சு, தேங்காய்ப்பூச் சம்பல் இடிச்சு, அதுவும் காணாதெண்டு கருவாட்டுப் பொரியலும் செய்து, வாழையிலை கிடைக்காத ஊர்ல அலுமினியத் தாள்ல பார்சல் பார்சலாக் கட்டி ரெண்டு பேக் நிறைய வெச்சிருந்தா. அந்த இடம் ஹோமல்கோ எண்ட பூர்வீகக் குடி ஆக்கள்ட நிலம், கூட்டிக்கொண்டு போறதும் அவங்கதான். வள்ளத்தால இறங்க முந்தி எங்கள கூட்டிக்கொண்டு போன அவங்கட பொடியன் சிரிச்ச முகத்தோட ஒரே ஒரு கேள்விதான் கேட்டான், ஆற்ற கையிலயாவது சாப்பாடு இருக்கா எண்டு. மச்சாள் மேல பாக்கிறா, மச்சான் கடலப் பாக்கிறார், ஒருத்தரும் வாய் திறக்கல்ல. கருவாடு தானே திறந்திட்டு. அவன் மூக்க ஒருக்கா உறிஞ்சிப் போட்டு நேர மச்சாள்ட பேக்கக் காட்டினான். ரெண்டு பேக்கும் வள்ளத்திலயே மூடின பெட்டிக்குள்ள போச்சு, பொடியள்ட ரொபியும் போச்சு, பெரியம்மாட வெத்திலைப் பையும் போச்சு. வெத்திலைய எந்தக் கரடி தின்னப்போகுது எண்டு மனிசி அண்டு முழுக்க என்னோட சண்டை.

பிறகு வான்ல ஏத்தி ஆத்தோரத்தில மரத்தால கட்டின மேடைக்குக் கொண்டு போனாங்க. நம்மட பக்கம் வயலுக்கு யானை வராம ராக்காவல் இருக்கப் பரண் கட்டுவமே, அதப் பெலமாக் கட்டினா எப்பிடி, அப்பிடி. மழை தூறிக்கொண்டு கிடந்திச்சு. முதல்ல வந்தது கரடியில்ல, நாத்தம். ஆத்தங்கரை முழுக்கச் செத்த மீன், வாழைச்சேனையில கருவாட்டு வாடிப் பக்கம் மழை நாள்ல போனமாதிரி. நாப்பது நிமிசம் ஒண்டும் வரல்ல. பேரன் நித்திரை. மச்சான் காசு போச்சு எண்டு முணுமுணுக்கத் தொடங்கிட்டார்.

அப்பத்தான் எதிர்ப் பக்கம் பத்தைக்குள்ளால ஒரு தாய்க்கரடி, புறத்தால ரெண்டு குட்டி. கிறிஸ்லி எண்டு சொல்லுவாங்க, அலாஸ்காக் கரடியும் இதுவும் ஒரே இனந்தான். தோள்ல ஒரு திமில் மாதிரி மேடு, நடக்கக்குள்ள அது உருளும். ஆத்தில இறங்கி முழங்கால் தண்ணியில நிண்டு, தலையக் கீழ போட்டு, நம்மட ஆக்கள் வாவியில வீச்சு வலைய வீச முந்தி தண்ணியப் பாத்து நிப்பாங்களே அசையாம, அதே நிலை. மறுகா ஒரு பாய்ச்சல், தண்ணி சிதறி, எழும்பக்குள்ள வாயில மீன் துடிக்குது. எப்பிடிப் புடிச்சதெண்டு ஒருத்தரும் பாக்கல்ல, ஒன்பது பேரும் கண் சிமிட்டின நேரம். மீனக் கரைக்குக் கொண்டு வந்து கையால அமத்திப் புடிச்சிக்கொண்டு சினையையும் தோலையும் தலைக்குள்ள இருக்கிறதையும் திண்டு போட்டு மிச்சம் சதையெல்லாம் அப்பிடியே போட்டிட்டுப் போச்சு. மச்சாளுக்கு வயிறு எரிஞ்சு போச்சு, கிலோ என்ன விலை போற மீன் எண்டு. ஆனா அது விசர் வேலை இல்ல. மீன் குறைஞ்ச நேரம் முள்ளும் மிச்சம் வைக்காது, மீன் மலிஞ்ச நேரம் கொழுப்புக் கூடின இடத்த மட்டுந்தான் தின்னும், ஏனெண்டா அதுக்கு வேண்டியது வயிறு நிறையுறது இல்ல, கொழுப்பு. மாரிக்குப் பொந்துக்குள்ள போனா அரை வருசம் அளவுக்குச் சோறு தண்ணி இல்ல, உடம்பில மூண்டில ஒரு பங்கு எடை கரைஞ்சு போகும், அதுக்குள்ள குட்டியும் போட்டுப் பாலும் குடுக்கோணும்.

அந்தத் தாய்க்கரடி ஒரே ஒருக்காத்தான் தலையத் தூக்கி எங்களப் பாத்திச்சு. ஒரு செக்கன். பிறகு தன்ட சோலியப் பாக்கப் போயிட்டு. பெரியம்மா அப்பத்தான் வாய் திறந்தா, "நம்மள ஒரு கணக்கிலயே எடுக்கல்லயே மனே" எண்டு. பயத்தோட வந்த மனிசிக்கு அது கொஞ்சம் மானக்கேடாவும் போயிட்டு.

கேள்வி: வாத்தியார், உங்கட கதைய வாசிச்சன். எங்கட வாப்பாட கூட்டாளி ஒருத்தர் தேன் எடுக்கக் காட்டுக்குப் போய்க் கரடி முகத்தப் பிச்சு ஒரு கண்ணும் போன மனிசன். காட்டுக்குப் போற எங்கட ஆக்களுக்கு யானையவிடக் கரடிக்குத்தான் பயம். நீங்க காசு குடுத்துப் போய் அதப் பாத்துப்போட்டு அது சாதுவான மிருகம் எண்டுறீங்க. எங்கட கரடி மட்டும் ஏன் இப்பிடி? (பொத்துவில்ல இருந்து ஒரு நானா)

பதில்: நானா, சாது எண்டு நான் எழுதல்ல, எழுதியிருந்தா அது பிழை. இந்த மாசம் வந்ததில நல்ல கேள்வி இதுதான்.

நம்மட கரடி வேற சாதி. அங்கத்தையது ஆண் கரடி 400 கிலோவுக்கும் மேல போகும், நம்மடது 150ஐத் தாண்டாது. நம்மடதுக்கு முன்பக்கம் மேல ரெண்டு பல்லு இல்ல, அந்த இடைவெளியாலதான் கறையானப் புத்துக்குள்ள இருந்து உறிஞ்சி எடுக்கும், சொண்ட குழாய் மாதிரி நீட்டிக்கொண்டு. அந்த உறிஞ்சிற சத்தம் நூறு மீட்டருக்கு அங்காலயும் கேக்கும். இப்ப பாருங்க, தலை புத்துக்குள்ள, காதுக்குள்ள தன்ட சத்தமே, கண்ணும் பெரிய பார்வையில்ல. நீங்க சத்தமில்லாம நடந்து வாறீங்க. பத்தடிக்குள்ள வந்தாப் பிறகுதான் அது தலையத் தூக்குது. அதுக்கு ஓடுற பழக்கம் குறைவு, சிறுத்தையும் இந்தியாவில புலியும் இருக்கிற காட்டில காலங்காலமா எதுத்து நிண்டே தப்பின இனம், திடுக்கிட்டா முதல்ல அடி, பிறகுதான் யோசனை. முதுகில குட்டியச் சுமந்துகொண்டு திரியிற தாய் எண்டா கேக்கவே வேணாம். எழும்பி நிண்டு அடிக்கக்குள்ள அதுட கை நேர நம்மட முகத்துக்குத்தான் வரும்.

அங்கத்தைய கரடி ஏன் நாப்பது பேர் பாத்துக்கொண்டு நிக்க மீன் புடிக்குது? அது நல்ல பிள்ளை எண்டதால இல்ல. மூண்டு காரியம். ஒண்டு, அந்த ஒண்டு ரெண்டு மாசம் மீன் மலிஞ்சு கிடக்குது, சாப்பாட்டுக்குச் சண்டை போட நேரமில்ல. மற்றக் காலத்தில ஒண்ட ஒண்டு கண்டா விலகிப் போற கரடியள், மீன் ஏறுற நேரம் பக்கத்துப் பக்கத்தில நிக்கும். பாலமீன்மடுவில முகத்துவாரம் வெட்டின நாள்ல பாத்திருப்பீங்க, மற்ற நாள்ல முகம் பாத்துக் கதைக்காதவனும் தோளோட தோள் நிண்டு வலை வீசுவான். ஆனா அதுக்குள்ளயும் முறை இருக்கு, பெரிய கடுவனுக்கு நல்ல இடம், சின்னது தள்ளி நிண்டு மிச்சத்தப் பொறுக்கோணும்.

ரெண்டாவது, சனம் எப்பவும் ஒரே இடத்தில, ஒரே நேரத்தில, ஒரே மாதிரி. மேடைய விட்டு இறங்காது. ஒரு கரடிட சீவியத்தில அது பாத்த மனிசன் எல்லாம் அந்த மரமேடையில நிக்கிற சாமான், திடீரெண்டு வாறதில்ல.

மூண்டாவது, அதுதான் பெரிசு. மனிசன்ட கையால ஒரு துண்டுச் சாப்பாடும் அதுக்குக் கிடைச்சதில்ல. ஒரேயொருக்கா ஆராவது ஒரு இடியப்பத்த எறிஞ்சா, அடுத்த வருசம் அந்தக் கரடி மீனப் பாக்காது, பேக்கப் பாக்கும். பேக்கப் பாக்கிற கரடியக் கடைசியில சுட்டுத்தான் முடிப்பாங்க. நம்மட நாட்டிலயும் ரோட்டோரம் மறிச்சு நிக்கிற யானைக்கு வாழைப்பழம் குடுத்துப் பழக்கினது என்ன செய்யுதெண்டு தெரியுந்தானே. அங்க ஆத்தில தூண்டில் போடுற ஆளா இருந்தாலும் கரடி கிட்ட வந்தா நூல அறுத்து விடோணும், தூண்டில்ல துடிக்கிற மீன அது கண்டிரக்கூடாது. மச்சாள்ட கருவாட்டுக்கு அந்தப் பொடியன் ஏன் அப்பிடி மூக்கச் சுளிச்சான் எண்டு வீட்ட வந்துதான் எனக்கே விளங்கிச்சு. மக்னீல் ஆத்தில பெர்மிட் முறை வந்த 1970கள்ல இருந்து ஒரு மனிசனையும் கரடி காயப்படுத்தினதில்ல, இவ்வளவுக்கும் காரணம் இந்த மூண்டுந்தான். அதே மாகாணத்தில, கட்மாய்க் காட்டில, கரடி என்ட கூட்டாளி எண்டு வருசாவருசம் அதுக்கு நடுவில கூடாரம் அடிச்சு இருந்த ஒருத்தரையும் கூட இருந்தவவையும் 2003 ஒக்டோபர்ல கரடி கொண்டு போட்டிட்டு. ரெண்டும் ஒரே சாதிக் கரடிதான் நானா.

உங்கட ஆக்களுக்குச் சொல்ல ஒண்டு. அங்க ஆத்தோரம் வளைவான பாதையில நடக்கக்குள்ள எங்கள கூட்டிக்கொண்டு போன பொடியன் வளைவுக்கு வளைவு "ஹேய் பெயர், ஹேய் பெயர்" எண்டு குரல் குடுத்துக்கொண்டே போனான். பெரியம்மா கேட்டா இவன் ஆரக் கூப்பிடுறான் எண்டு. நான் சொன்னன், நீங்க உகந்தையில இருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகக்குள்ள காட்டுக்குள்ள அரோகரா போட்டுக்கொண்டு போவீங்களே, அந்த வேலைதான் எண்டு. குமணைக் காட்டால யாலைக் காட்டால நடந்து போற அவ்வளவு சனமும் தப்பி வாறதில முருகனுக்கு எவ்வளவு பங்கு, அந்தச் சத்தத்துக்கு எவ்வளவு பங்கு எண்டு நான் கணக்குப் பாக்கப் போகல்ல. ஆனா காட்டுக்குள்ள தேனுக்கோ விறகுக்கோ போறவங்க கதைச்சுக்கொண்டு போங்க, தனியப் போகாதீங்க, கோடையில தண்ணி கிடக்கிற மடுவுக்குக் கிட்டக் கூடுதல் கவனம். கண்டா ஓடாதீங்க, அதுக்கு ஈடா ஓட ஏலா. பாஞ்சு புடிச்சிட்டு எண்டா குப்புற விழுந்து பிடரியையும் முகத்தையும் கையால மூடிக்கொள்ளுறதுதான் வழி. வாப்பாட கூட்டாளிக்கு என்ட சலாத்தச் சொல்லுங்க.

கேள்வி: சால்மன் மீன் ஏன் கடல விட்டு ஆத்துக்கு வருது? கரடி தின்னுமெண்டு தெரிஞ்சும் ஏன் வருது? எங்க கிளாஸ்ல ஒருத்தருக்கும் தெரியல்ல. (கல்முனை, தரம் 9 மாணவி)

பதில்: மகள், அது வாறது முட்டை போட. சால்மன் பிறக்கிறது ஆத்தில கல்லுக்குள்ள, பிறகு கடலுக்குப் போய் ரெண்டு மூண்டு வருசம், சிலது அதவிடக் கூடவும், திண்டு வளந்து, முட்டை போட மட்டும் பிறந்த அதே ஆத்துக்குத் திரும்பும். நடுக்கடல்ல வழி காட்டுறது பூமிட காந்தப்புலம், கரைக்குக் கிட்ட வந்தாப் பிறகு மூக்கு. ஒவ்வொரு ஆத்துத் தண்ணிக்கும் ஒரு வாசம், அது குஞ்சில மூக்கில பதிஞ்சு கிடக்கும். நல்ல தண்ணிக்குள்ள ஏறினாப் பிறகு சாப்பிடாது, உடம்பில இருக்கிற கொழுப்பிலயே அருவி எதுத்து ஏறும், சொக்கை எண்ட சாதி அந்த நேரம் உடம்பு சிவந்து தலை பச்சையாகிரும், கடல்ல இருக்கக்குள்ள வெள்ளியா மினுங்கினது. முட்டை போட்டு முடிய பசிபிக் சால்மன் அநேகமா எல்லாம் செத்துரும். கரடி புடிக்காட்டியும் சாகத்தான் போகுது.

இதுக்குத் தலைகீழா ஒண்டு நம்மட வாவியிலயே இருக்கு, டீச்சர்ட்ட கேளுங்க. விலாங்கு. அது ஆத்திலயும் குளத்திலயும் வளந்து, முட்டை போடக் கடலுக்குப் போய் அங்க சாகுது, குஞ்சு கண்ணாடி மாதிரி உடம்போட முகத்துவாரத்தால உள்ளுக்கு வரும். சால்மன் போற வழியில விலாங்கு கிறுகி வருது எண்டு வெச்சுக்கொள்ளுங்க.

கிளாஸ்ல சொல்ல இன்னொரு புதினம். கரடி மீனத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள்ள போய்ப் பாதி திண்டு பாதி விடும், அது உக்கி மண்ணுக்குப் பசளை. அந்தக் காட்டு மரத்த ஆராய்ஞ்சு பாத்தா, அதில இருக்கிற நைதரசன்ல ஒரு பங்கு கடல்ல இருந்து வந்தது. கடல் மீன் மரமாகி நிக்குது. ஏறின மீன் குறைஞ்சா கரடி மட்டும் இல்ல, மரமும் மெலியும்.

கேள்வி: கனடா போக எங்களிட்ட வசதி இல்ல. இஞ்ச இருந்து கரடி பாக்க என்ன வழி, புள்ளயள் கேட்டுக்கொண்டே இருக்காங்க. (அக்கரைப்பற்று)

பதில்: ரெண்டு வழி. நேரப் பாக்கோணும் எண்டா குமணை, பாணமையால உகந்தைக்குப் போய் அங்கால கேட். பாலைப்பழமும் வீரைப்பழமும் பழுக்கிற ஆனி ஆடிப் பக்கம் கரடி மரத்துக்குக் கீழயும் மேலயும் நிக்கும். நம்மட கரடி மரமும் ஏறும். ஆனா அதிஷ்டந்தான், நான் நாலு தரம் போய் ஒருக்காத்தான் கண்டன், அதுவும் புறப்பக்கம். யாலையிலயும் வில்பத்திலயும் வாய்ப்பு ஒள்ளுப்பம் கூட. கல்லோயாவில வள்ளத்தில போனா சேனநாயக்க சமுத்திரத்தில யானை தீவுக்குத் தீவு நீந்துறதக் காணலாம், புள்ளயளுக்கு அது கரடிய விட நல்லம் எண்டு நினைக்கிறன். எங்க போனாலும் ஜீப்ப விட்டு இறங்காதீங்க, மேல நானாவுக்குச் சொன்னத வாசிங்க.

மற்ற வழி டேட்டாச் செலவு மட்டுந்தான். ப்ரூக்ஸ் அருவியில 2012ல இருந்து கமெரா பூட்டி வெச்சிருக்காங்க, எக்ஸ்ப்ளோர் எண்ட தளத்தில நேரலையா ஓடும், காசில்ல. அலாஸ்கா கோடையில நமக்குப் பதின்மூண்டரை மணித்தியாலம் பின்னுக்கு, நாம ராவு சோறு திண்டு போட்டு ஒன்பதரைக்குக் குந்தினா அங்க காலம எட்டு மணி, கரடி வேலைக்கு வந்திரும். ஜூலையில பாருங்க.

அங்கத்தைய ஆக்கள் கரடிக்கு இலக்கம் போட்டுப் பேரும் வெச்சு, மாரிக்கு முந்தி எந்தக் கரடி நல்லாக் கொழுத்திருக்கு எண்டு இன்டர்நெட்டில வாக்குப் போடுவாங்க, 2014ல தொடங்கினது. ஓட்டிஸ் எண்ட கிழட்டுக் கடுவன் நாலு தரம் வெண்டான், பல்லுத் தேஞ்சு போன ஆள், ஒரே இடத்தில பொறுமையா இருந்தே புடிச்சுத் திண்டவன், எனக்கு அவனத்தான் விருப்பம். 2024 ஜூலையில கிரேசர் எண்ட தாய்க்கரடிட குட்டி அருவியால கீழ அள்ளுப்பட்டுப் போக, சங்க் எண்ட பெரிய கடுவன் அதக் கடிச்சுக் கொண்டிட்டான். அந்த வருசம் வாக்கெடுப்பில கடைசிச் சுற்று ரெண்டு பேருக்கும் நடுவில, சனம் தாயத்தான் வெல்ல வெச்சிச்சு. அடுத்த வருசம், 2025ல, தாடை உடைஞ்சு போய் நிண்ட அதே சங்க்தான் வெண்டான். சின்னப் புள்ளயளோட பாக்கிறதா இருந்தா இப்பிடியும் நடக்குமெண்டு தெரிஞ்சு வையுங்க, அது கார்ட்டூன் இல்ல.

கேள்வி: அங்க கரடிய வேட்டையாட விடமாட்டாங்களா? (செங்கலடி)

பதில்: அலாஸ்காவில தேசியப் பூங்காவுக்கு வெளிய லைசன்ஸ் எடுத்துச் சுடலாம். நாங்க போன பிரிட்டிஷ் கொலம்பியாவில கிறிஸ்லியச் சோக்குக்கு வேட்டையாடுறத 2017 டிசம்பரோட நிப்பாட்டிட்டாங்க. எங்கள கூட்டிக்கொண்டு போன பொடியன் சொன்னான், சுட்ட கரடிய ஒருக்காத்தான் விக்கலாம், உசிரோட நிக்கிறத ஒவ்வொரு நாளும் விக்கலாம் எண்டு. யாவாரம் தெரிஞ்ச பொடியன்.

கேள்வி: நாம சின்னனில இருந்து திங்கிற சமன் டின்னுக்குள்ள இருக்கிறது அந்தக் கரடி புடிக்கிற மீனா சேர்? (கல்லடி)

பதில்: இல்ல. பேர் மட்டுந்தான் சமன். நம்மட கடையில வாற டின்னுக்குள்ள அநேகமா மக்கரல், டின்னக் கிறுக்கிப் புறப்பக்கத்த வாசிச்சுப் பாருங்க. ஒரு காலத்தில சால்மன் டின் வந்து, அந்தப் பேர் ஒட்டிக்கொண்டிட்டு எண்டு நினைக்கிறன். மெய்யான சால்மன மகள்ட வீட்டில திண்டு பாத்தன், மச்சாள் புளி விட்டு ஆணம் வெச்சா, எண்ணெய் கூடின மீன், நம்மட சமையலுக்கு அவ்வளவு எடுபடாது, பொரிச்சா நல்லம். கரடி தோலையும் சினையையும் மட்டும் திண்டுபோட்டு மிச்சத்த எறியிறது எனக்கு அப்ப விளங்கிச்சு. ஊருக்கு வந்த ரெண்டாம் நாள் மனிசி டின்ன உடைச்சு வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டுப் பிரட்டி வெச்சா. ரெண்டு தரம் சோறு போட்டுத் திண்டன்.